நாலாவது சக்கரம்

"குதிக்காம இருந்திருந்தா அந்தப் பொம்பளைக்கு ஒண்ணும் ஆயிருக்காதுப்பா" என்று வெளியே யாரோ சொன்னது யோகேஸ்வரிக்குக் கேட்டது. சொன்னவனுக்கு வண்டிக்குள் ஒருத்தி இருப்பது தெரியாது. சிக்கந்தர் பாய் பட்டறை வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பெஞ்சு, எல்லாவற்றிலும் ஆண்கள். அங்கே போய் நிற்பதைவிட, கட்டை கொடுத்துத் தூக்கி நிறுத்தியிருந்த அப்பாவின் பழைய பிக்கப்பில் ஏறி, ஸ்டியரிங்குக்குப் பின்னால் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்வது அவளுக்குச் சுலபமாக இருந்தது. அப்பா எலுமிச்சம்பழம் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். "ஆமா, டிரைவர் கில்லாடி. பத்தொம்பது உசுரு. இது ஒண்ணு பதறிப் போயிக் குதிச்சா அதுக்கு வண்டி என்ன செய்யும்?" என்றது இன்னொரு குரல். டீயை உறிஞ்சும் சத்தம். யாரோ செருமித் துப்பினார்கள். வண்டி என்ன செய்யும். அவளுக்குக் காது மடல் சுட்டது. பதினாறு நாளாக இதே வாக்கியம் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டிலும் ரேஷன் கடையிலும் வீட்டு வாசலிலும் அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது. குதித்தவளுக்கு ஒச்சம்மாள் என்று ஒரு பெயர் இருக்கிறது. நாற்பத்தாறு வயது, காப்பிப் பழம் பறிக்கிற கை, டீசல் வாடை ஆகாது என்று எப்போதும் வண்டியின் கடைசியில் பின்பக்கத் தடுப்புப் பலகை ஓரமாக உட்கார்ந்து கொள்வாள், போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை வாந்தி எடுப்பாள், எடுத்துவிட்டுச் சிரிப்பாள். இப்போது அவளுக்குப் பெயர் குதித்த பொம்பளை. அரசு ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரிகூட, குதிச்சக்கா தண்ணி வேணுமா என்றுதான் கேட்கிறாள். அதைக் கேட்டு ஒச்சம்மாளும் திரும்புகிறாள்.

மலைக்கு மேலே எஸ்டேட்டில் வேலை, கீழே ஊரில் வீடு. காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு போய்ச் சாயங்காலம் இறக்கிவிடுவது அப்பாவின் தொழில். சரக்கு ஏற்றுகிற வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் ஏற்றுகிறார்கள், எல்லோரும் ஏறுகிறார்கள். அன்றைக்குத் தாண்டிக்குடி ரோட்டில் மூன்றாவது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே பெடல் அடி வரைக்கும் போய்விட்டது. அப்பா கியரை இறக்கி, கைப்பிரேக்கை இழுத்து, வண்டியை மலைப்பக்கத்து ஓரக் கால்வாயில் இறக்கிப் பாறையில் உரசி உரசிக் கொண்டுபோய் நிறுத்தினார். இடது பக்கத் தகரம் முழுக்கக் கிழிந்து போயிற்று. அது உண்மை. அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்த நாளில் அவளுக்கே, வேறு யாராக இருந்தாலும் பள்ளத்துக்குத்தான் போயிருப்பார்கள் என்று பட்டது. அப்பாவின் கை தேர்ந்த கை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. அந்தக் கை ஒன்றுக்கும் ஆகாத கையாக இருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம். வண்டி நிற்பதற்குச் சற்று முன்னால் ஒச்சம்மாள் குதித்தாள். தொடை எலும்பு இரண்டு துண்டு. உள்ளே பிளேட் வைத்திருக்கிறார்கள். குதித்த நேரத்தில் வண்டி நிற்கப் போகிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அப்பாவுக்கே தெரியாதே. பிடிச்சுக்கங்க என்று கத்தினாராம், கத்தினது எல்லோருக்கும் கேட்டதாம், அப்படிக் கத்துகிறவனுக்கு நிற்கும் என்று தெரிந்திருக்குமா? இந்தக் கேள்வியைக் கதவைத் திறந்து அந்த டீ குடிக்கிறவர்களிடம் கேட்டால் என்ன? இறங்கி, முந்தாநாள் துவைத்த துப்பட்டாவைச் சரி பண்ணிக்கொண்டு, அண்ணே ஒரு நிமிசம் என்று ஆரம்பித்தால்? ஆரம்பிக்க முடியாது. கல்லூரியில் மூன்று வருடம் இயற்பியல் படித்தாள், விடை தெரிந்த கேள்விக்கெல்லாம் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும். பிரேக் படம் போட்டு, பாகம் குறித்து, பத்துக்குப் பத்து. எழுதத் தெரியும். படம் போட்டுத் தரட்டுமா அவர்களுக்கு?

"பாப்பா, உள்ளதான இருக்க?" சிக்கந்தர் பாய் வண்டிக்கு அடியிலிருந்து கேட்டார். அவருக்கு அவள் பேசமாட்டாள் என்பது தெரியும். பதிலுக்குக் காத்திருக்காமல் அவரே, "இருக்கே, தரை ஓட்டையில செருப்பு தெரியுது" என்றார். காலையிலிருந்து வேலை நடக்கிறது. முன்னால் இரண்டு சக்கரத்துக்கும் டிரம்மைக் கழற்றி எறிந்துவிட்டு டிஸ்க் போட்டாயிற்று. புது மாஸ்டர் சிலிண்டர், லேசாக மிதித்தாலே அழுத்திக் கொடுக்கிற பூஸ்டர், பின்னால் புது ஷூ. இதெல்லாம் அப்பாவுக்கு மனம் வந்து செய்வது இல்லை. பிரேக்கை மாற்றிக் காட்டாமல் ஓர் ஆளையும் ஏற்றக் கூடாது என்று எஸ்டேட் மேனேஜர் சொல்லிவிட்டான், நாளைக் காலையில் கேட்டில் வைத்துப் பார்ப்பானாம். அப்பா நேற்றுக்கூட, லைனிங் மட்டும் போட்டாப் போதும், இந்த வண்டியோட காலு எனக்குத் தெரியும் என்றார். வண்டியின் காலாம். இரண்டு மிதி மிதித்தால்தான் பிடிக்கும், அது வண்டிக்கும் அவருக்கும் உள்ள ரகசியப் பேச்சு, பொண்டாட்டியைக் கூப்பிட்டா ஒரு தடவையில வந்துருவாளா என்று கேட்டுச் சிரிப்பார். அம்மாவும் சிரிப்பாள். மார்க் ஷீட் வாங்க ஒரு நாள் அவரோடு இதே வண்டியில் போனாள். செக்போஸ்ட் முன்னால் ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது மிதியில்தான் நின்றது. "ஏம்ப்பா மூணு தடவை?" "பாருடா, படிச்ச புள்ள கேக்குது!" அவ்வளவுதான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூன்று என்று எண்ணத் தெரிந்தது. மூன்று தப்பு என்று தெரிந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கத் தெரியவில்லை. அந்த ஜன்னலில் அன்றைக்கு என்ன பார்த்தாள் என்பதுகூட நினைவிருக்கிறது, சோளம் காயப்போட்டிருந்தார்கள், ஒரு நாய் அதன்மேல் படுத்திருந்தது.

"யாரு பாப்பா இத டம்மி அடிச்சது?" சிக்கந்தர் பாய் ஓட்டுநர் பக்கத்து ஜன்னலில் தலையை நீட்டினார். கிரீஸ் படிந்த உள்ளங்கையில் விரல் நீளத்துக்கு ஒரு குழாய்த் துண்டு. பிரேக் ஆயில் போகிற குழாய், ஊதுபத்தியைவிடக் கொஞ்சம் தடிமன். அதன் ஒரு முனையை நசுக்கி, மடக்கி, மறுபடி நசுக்கி வைத்திருந்தது. "பின்னாடி இடது சக்கரத்துக்குப் போற லைன். நான் செய்யல. நம்ம பட்டறையில இந்த வேல செய்யறதில்ல." அவர் குரல் தணிந்திருந்தது. வாசலை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அவள் குழாயையே பார்த்தாள். "புரியலயா? சக்கரத்துக்கிட்ட ஆயில் ஒழுகும். அத மாத்த நேரமில்லன்னா, குழாய அடைச்சு விட்ருவாங்க. ஒழுகல் நின்னுரும். அந்தச் சக்கரத்துக்குப் பிரேக்கும் நின்னுரும். மூணு சக்கரம் நாலு சக்கர வேலையப் பாக்கும். அதுவும் இருபது பேர வச்சுக்கிட்டு அந்த இறக்கத்துல... சூடு ஏறி ஆயில் கொதிச்சா பெடல் தொப்புன்னு கீழ போயிரும்." அப்புறம் அவராகவே, "ஒரு நாளைக்கு, ரெண்டு நாளைக்குன்னு அடிப்பாங்க. பட்டறைக்குப் போய்ச் சேர்ற வரைக்கும். இது பழசு பாப்பா, மடிப்புல துரு ஏறியிருக்கு பாரு" என்றார். அவள் கையை நீட்டினாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கொடுத்தார்.

துரு. மடிப்புக்குள் செம்மண் நிறத்தில் ஒரு கோடு. எப்போது? அவளுக்கு அது தெரியும், அது தெரியும் என்பதே இப்போதுதான் தெரிகிறது. மார்கழி முழுக்க அம்மா திட்டிக்கொண்டிருந்தாள். விடிகாலையில் குளிரில் உட்கார்ந்து புள்ளி வைத்துப் போட்ட கோலத்தின்மேல் வண்டியைக் கிளப்பினதும் எண்ணெய்ப் பொட்டு, சரியாகப் பின் சக்கரம் நிற்கிற இடத்தில், தினமும் ஒரே இடத்தில். ஒரு நாள் அம்மா அந்தப் பொட்டையே நடுவில் வைத்துத் தாமரை போட்டாள். பொங்கலுக்கு முன்னால் அது நின்றுவிட்டது. ஒழுகல் நின்னுருச்சு பாத்தியா, சின்ன வேலைதான், மேல பண்ணைக்காட்டுலயே முடிச்சுட்டேன் என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். அம்மா பொங்கலன்று வாசல் முழுக்கத் தேர்க்கோலம் போட்டாள். யோகேஸ்வரி கலர்ப்பொடி போட்டாள், மயில் கழுத்து நிறத்தில், விரல் இடுக்கில் இரண்டு நாள் போகவில்லை. அந்தச் சுத்தமான கோலத்துக்கு இந்தத் துண்டுதான் காரணம். பொங்கலிலிருந்து அன்றைக்கு வரைக்கும் எத்தனை நாள், எத்தனை இறக்கம், ஒவ்வொரு இறக்கத்திலும் பத்தொன்பது பேர், ஒச்சம்மாள் அந்த நாலாவது சக்கரத்துக்கு நேர் மேலே உட்கார்ந்து வாந்தி எடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு. அப்பா தெரிந்தே ஓட்டியிருக்கிறார். மறந்து போயிருக்குமோ? மறக்கவில்லை, அதனால்தான் இரண்டு மிதி மூன்று மிதியாயிற்று, அவருடைய கால் ஒவ்வொரு முறையும் அதை அவருக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கும். அவர் காலுக்குத் தெரியாதது இந்த வண்டியில் என்ன இருக்கிறது?

"ஏர் எடுக்கலாம் பாப்பா. நான் அடின்னா அடி, அமுக்குன்னா அமுக்கிப் பிடிச்சுக்க, சொல்ற வரைக்கும் காலை எடுக்காத. புதுசாப் பூட்டுன குழாய்ல காத்து இருக்கும், அது வெளிய போகணும்." அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைப் பெடல்மேல் வைத்தாள். ரப்பர் தேய்ந்து அப்பாவின் காலுக்கு ஏற்ற மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. "அடி... அடி... அடி... அமுக்கு." அடியில் சீறல். கால் மெதுவாக உள்ளே இறங்கிற்று. "விடு." ஆஸ்பத்திரியில் அன்றைக்கு அப்பா பை நிறையக் கமலா ஆரஞ்சு கொண்டு போனார். அவளும் கூடப் போனாள். கட்டிலில் ஒச்சம்மாள், காலைத் தலையணைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டியிருந்தார்கள், உதடு வெடித்திருந்தது. எழுந்துகொள்ளப் பார்த்தாள், டிரைவர் அண்ணன் வந்திருக்கிறதே என்று. "அடி... அடி... அமுக்கு." அப்புறம் அவள் சொன்னாள், "என்னால உங்களுக்குக் கெட்ட பேருண்ணே. புத்தி கெட்டுப் போயிக் குதிச்சுட்டேன். மன்னிச்சுக்கங்க." மன்னிச்சுக்கங்க. தொடை எலும்பு ஒடிந்தவள் கேட்கிறாள். அப்பா என்ன செய்தார்? "சரி விடு ஒச்சு, நடந்தது நடந்துருச்சு" என்று தலையாட்டினார். தலையாட்டினார். ஒரு முறை, பெரிய மனிதர் மாதிரி, பஞ்சாயத்தில் ஏதோ தீர்த்து வைக்கிற மாதிரி. "விடு பாப்பா. காலை எடு. எடுன்னு சொன்னேன்ல." அவள் கால் விறைத்து நின்றிருந்தது. எடுத்தாள். அந்தத் தலையாட்டலை அவள் அன்றைக்குப் பார்த்துக்கொண்டு கட்டில் கம்பியைப் பிடித்து நின்றாள், கம்பியில் பெயின்ட் உரிந்திருந்ததை நகத்தால் இன்னும் கொஞ்சம் உரித்தாள். போலீஸுக்கு யாரும் போகவில்லை. யார் போவது, குதித்தவளே தன் தப்பு என்று சொல்லும்போது. அவளுடைய மகள் திருப்பூரிலிருந்து வந்து, அம்மாவை எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டுப் போனாள், உனக்கு எங்க போச்சு அறிவு என்று. அதையும் ஒச்சம்மாள் வாங்கிக்கொண்டாள். "அடி... அடி..." யோகேஸ்வரி அடித்தாள். பெடலை அடித்தாள், அப்பாவின் பெடலை, அவருடைய சாய்ந்த ரப்பரை. ஒவ்வொரு சக்கரமாகக் காற்று போகப் போகப் பெடல் கெட்டியாகிக்கொண்டே வந்தது, கடைசியில் கல் மேல் மிதிப்பது போல் நின்றது. "அப்படித்தான். இனி ஒத்த மிதி போதும்" என்றார் பாய்.

"என்ன பாய், முடிஞ்சுதா?" அப்பாவின் குரல் கேட்டதும் வாசல் பெஞ்சு எழுந்து நின்றது. "வாங்க சடையாண்டி அண்ணே, இப்பத்தான் உங்களப் பேசிக்கிட்டிருந்தோம்." "நல்லதாத்தான பேசினீங்க?" "உங்களுக்குச் சிலை வைக்கலாம்னு பேசினோம்ணே. இடம்தான் பாக்கணும்." சிரிப்பு. அப்பாவும் சிரித்தார், கையில் மஞ்சள் பையோடு, கூச்சப்படுகிற மாதிரி ஒரு சிரிப்பு, அது அவருக்கு நன்றாக வரும். "அட நீங்க வேற. முருகன் நிப்பாட்டினான். அவதான் பாவம், பதறிட்டா" என்றார். பாவமாம். ஜன்னல் கண்ணாடிக்குள்ளிருந்து அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். தனக்கும் அதே மூக்கு. பாய் கட்டையை எடுத்து வண்டியை இறக்கிவிட்டதும் அப்பா குனிந்து நாலு சக்கரத்துக்கும் முன்னால் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார், நாலாவதற்குக் கொஞ்சம் அதிகமாகக் குங்குமம் தடவினதாக அவளுக்குத் தோன்றிற்று, தோற்றமாகவும் இருக்கலாம். "தள்ளிக்க பாப்பா" என்று ஏறி உட்கார்ந்தார். தள்ளிக்கொண்டாள். பழங்கள் நசுங்கிப் புளிப்பு வாடை உள்ளே வந்தது. பட்டறை வாசலைத் தாண்டும்போது சைக்கிள் ஒன்று குறுக்கே வர, அவர் கால் பழக்கத்தில் ஒன்று, இரண்டு என்று மிதித்தது. முதல் மிதியிலேயே வண்டி முகத்தில் அறைந்த மாதிரி நின்றது, இரண்டு பேரும் முன்னால் போய் விழுந்தார்கள். "யம்மாடி!" என்று சிரித்தார். "டிஸ்க்குன்னா டிஸ்க்குதான். இனி எமனே குறுக்க வந்தாலும் நிக்கும்."

கையை விரித்தாள். குழாய்த் துண்டு உள்ளங்கையில் பதிந்து சிவப்பாகக் கோடு போட்டிருந்தது. அவர் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். "பாய் குடுத்தாரா?" அவள் கையை மூடவில்லை. "எல்லா வண்டியிலயும் அடிக்கிறதுதான். சீசன் நேரம், ஒரு நாள் நிப்பாட்டுனா வேற வண்டிக்காரன் வந்து ஆளத் தூக்கிட்டுப் போயிருவான். உனக்கென்ன தெரியும் அதெல்லாம்? தூக்கி எறி வெளிய." ஆஸ்பத்திரி மதில் வந்துகொண்டிருந்தது, மதில்மேல் சினிமா போஸ்டர், போஸ்டர்மேல் இன்னொரு போஸ்டர். தாண்டினால் வீடு. வீட்டுக்குப் போனால் சாப்பாடு, தூக்கம், காலையில் அம்மா கோலம் போடுவாள், பதினெட்டுப் பேர் ஏறுவார்கள், மேனேஜர் கேட்டில் வைத்துப் பார்த்துவிட்டுச் சபாஷ் என்பான், பழையது எல்லாம் புதுசு ஆகிவிடும், ஒச்சம்மாள் மட்டும் செத்துப்போகிற வரைக்கும் புத்தி கெட்டவளாகவே நொண்டிக்கொண்டிருப்பாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிற்று. ஒட்டட்டும். ஒட்டின நாக்கோடேயே, "நிறுத்துங்கப்பா" என்றாள். அது அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. வண்டி ஒரே மிதியில் நின்றது. "ஒச்சம்மா அத்தைகிட்ட நீங்க கொண்டு போயிக் குடுக்குறீங்களா, நான் குடுக்கட்டா?" "கிறுக்கா பிடிச்சிருக்கு? உன் அப்பன ஜெயிலுக்கு அனுப்பப் பாக்குறியா?" அவருக்கு மூச்சு வாங்கிற்று. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை, அந்தத் தேர்ந்த கை, கியர் கம்பியைத் தேடித் தவறிற்று. அவளுக்கு அழுகை வந்தது, அதுவும் கோபமாக இருந்தது. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. கதவைத் திறந்து இறங்கினாள். செருப்பு வண்டிக்குள்ளேயே கிடந்தது, திரும்பி எடுக்கவில்லை.

பெண்கள் வார்டில் பினாயில் வாடை. வெறுங்காலில் தரை ஜில்லென்று இருந்தது. "யோகியா? வாத்தா. அண்ணன் வரலயா?" என்று ஒச்சம்மாள் தலையை உயர்த்தினாள். பக்கத்துக் கட்டில்காரி, "குதிச்சக்காவுக்கு இன்னைக்கும் ஆரஞ்சுதானா?" என்று எட்டிப் பார்த்துச் சிரித்தாள். யோகேஸ்வரி உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல வராது. குழாயை நீட்டினாள். "அத்தை, இது நம்ம வண்டியில இருந்தது. பின்னாடி இடது சக்கரத்துக்குப் போற பிரேக் குழாய். இத அடைச்சுத்தான் பொங்கல்ல இருந்து ஓட்டியிருக்காரு. நீங்க உக்காந்திருந்த பக்கத்துச் சக்கரத்துக்குப் பிரேக்கே இல்ல. அப்பாவுக்குத் தெரியும்." முடிந்துவிட்டது. வார்டு முழுக்கக் கேட்டிருக்கும் போல, எதிர்க் கட்டிலில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். ஒச்சம்மாள் அதை வாங்கிக்கொண்டாள். விரலால் மடிப்பைத் தடவினாள். அடுப்பங்கரை ஊதுகுழலைப் பிடிக்கிற மாதிரி இரண்டு விரலால் பிடித்து, திறந்த முனையை வாயில் வைத்து ஊதினாள். கன்னம் இரண்டும் உப்பின, மறுமுனையில் காற்று வரவில்லை. இன்னொரு முறை ஊதினாள், கழுத்து நரம்பு புடைத்தது. வாயிலிருந்து எடுத்து, முனையைத் துண்டால் துடைத்தாள். கையை எட்டும் மட்டும் நீட்டிப் பக்கத்துக் கட்டில்காரியிடம் கொடுத்தாள்.

"ஊதிப் பாருடி" என்றாள்.